கழுவிய சுவருக்கு ஒரு புள்ளி

2023 ஒக்டோபர் 17: 20 பவுண்ட்
2024 ஏப்ரல் 23: 20 பவுண்ட்
2024 யூன் 11: 15 பவுண்ட்
2024 செப்டெம்பர் 28: ஒன்றுமில்லை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் கிளறிற்றாவுக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வு கொடுத்தவை இவை. காசாக அல்ல, சூப்பர்மார்க்கெட் கூப்பனாக. இந்தக் கூப்பனுக்கு மதுபானமும் சிகரெட்டும் கொடுக்கப்படமாட்டா என்று அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. கிளறிற்றா அறுபத்திரண்டு வயதுக்குள் சாராயத்தை வாயில் வைத்தவள் அல்ல. ஆனாலும் அந்த வரியை வாசித்தபோது, யாரோ கிட்ட வந்து தன் வாயை மோந்து பார்த்துவிட்டுப் போனதுபோல இருந்தது அவளுக்கு.

அவள் மன்னார்க்காரி. பேசாலையில் பிறந்தவள். காலையில் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் வேலை. கணவர் மேர்வின் இருபது வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தவர். இப்போது நுரையீரல் தடித்துப்போய், சப்பாத்துக் கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும். அவர்கள் இருந்தது வாடகைக்கு வீடு கொடுக்கும் ஒரு வீட்டுச் சங்கத்தின் இரண்டாம் மாடி பிளாட். படுக்கையறையின் வெளிச்சுவர் வருடம் முழுவதும் வியர்க்கும். மூலையில் பூஞ்சணம் முதலில் மிளகு தூவியதுபோல வரும். பிறகு மிளகுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுத்த தோலாகும். அலுமாரிக்குள் தொங்கிய மேர்வினின் கலியாணக் கோட்டின் கழுத்துப்பட்டி பச்சையாகி, தொட்டால் பிசுபிசுத்தது. 'இவர் ஈரமில்லாத வீட்டுக்கு மாறவேண்டும்' என்று ஆஸ்பத்திரி டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வீடுதான் கிளறிற்றாவுக்கு வேண்டும். வேறொன்றும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது சற்குணம் மறித்தார். அவர் அந்த வட்டாரத்துத் தமிழர் நல மன்றத்தின் தலைவர். நீரிழிவு ஆய்வோ, முதியோர் ஆய்வோ, எதற்கு ஆள் வேண்டுமென்றாலும் பல்கலைக்கழகங்கள் அவரைத்தான் பிடிக்கும். அவர் சனத்தைப் பிடிப்பார்.

"கிளறிற்றா, உங்கட வீட்டுப் பிரச்சினைக்கு இதுதான் வழி. நீதி, சுகாதாரம், கொள்கை எண்டு மூண்டையும் சேர்த்து ஆராயினம். யூனிவர்சிற்றி பார்த்து எழுதிக் குடுத்தா ஹவுசிங்காரர் பிறகு வாய் திறக்கேலாது."

"வீட்டுக்கை வருவினமோ அண்ணை?"

"வராமல் பின்னை? படமும் எடுப்பினம்."

அவர் கொடுத்த தாளில் 'நலிவுற்ற குழுக்கள்' என்று போட்டிருந்தது. மேர்வின் அதை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.

"நாங்கள் எப்பயப்பா குழுவானது? ரெண்டு பேர்தானே இருக்கிறம்," என்றார்.

கிளறிற்றாவின் காதில் அது விழவில்லை. படம் எடுப்பார்கள் என்ற ஒன்றுதான் அவளுக்குள் நின்றது. படித்த மனிதர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கிளறிற்றாவின் குசினிக்குள் ஈ வருவதென்றாலும் அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும் என்று பங்குச் சனம் பகிடியாகச் சொல்லும். அப்படிப் பெயர் எடுத்தவள் அந்தச் சுவரைப் பிறத்தியாருக்குக் காட்டுவதா?

அவர்கள் வருவதற்கு முதல்நாள் மேர்வினை முன்னறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு போத்தல் பிளீச் ஊற்றிச் சுவரை உரஞ்சினாள். கறுப்பு கரைந்து முழங்கைவரை வழிந்தது. காய்ந்ததும் வெள்ளைப் பெயின்ற் அடித்தாள். அதற்கும் அடங்காத மூலையில், முன்னறையில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினாள். மேர்வின் அன்று இரவு முழுக்க இருமினார்.

"நீர் இதை அவையளுக்குக் காட்டத்தானே கூப்பிட்டனீர்?" என்று கேட்டார்.

"காட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஊத்தையாய் இருக்கிறம் எண்டு நினைக்கவோ?"

வந்தவள் மாதங்கி. சென்னைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் டொக்டர் பட்டம் எடுத்தவள், நல்ல சிரிப்பு. கிளறிற்றா றோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி ஊற்றி, புதுக் கோப்பையில் கொடுத்தாள்.

"அய்யோ, வீட்டை எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க ஆன்ட்டி! நான் பாத்த வீடுகள்லயே இதுதான் பெஸ்ட்."

கிளறிற்றாவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்துத்தான் பிற்பாடு அவள் மாதக்கணக்கில் தன்னைத்தானே அருவருத்தாள்.

மாதங்கி படுக்கையறைச் சுவரைப் படம் எடுத்தாள். பிறகு கேள்விகள். ஈரமும் ஃபங்கஸும் எவ்வளவு மோசம், ஒன்றிலிருந்து ஐந்துவரை?

"இருக்குத்தான் பிள்ளை. சமாளிக்கலாம்."

"உங்க ஹெல்த் எப்படி இருக்கு?"

"கர்த்தர் புண்ணியத்திலை சுகமாய் இருக்கிறம்."

வீட்டுக்கு வந்தவரிடம் வேறென்ன சொல்வது? ஒரு சுகம் விசாரிப்புக்கு இருமலையும் சளியையும் எடுத்து மேசையில் வைக்கிற வளர்ப்பு அவளுடையது அல்ல. இரண்டு முறை கேட்டால், மூன்றாம் முறையும் கேட்டால், அப்போது சொல்லலாம் என்றிருந்தாள். மாதங்கி ஒரு முறைதான் கேட்டாள். ஈரத்துக்கு ஒரு புள்ளி போட்டாள். வீட்டு நிலை அறிக்கையை வீட்டுச் சங்கத்துக்குக் கொடுக்கலாமா என்ற பெட்டியிலும் கிளறிற்றா புள்ளடி போட்டாள். அதற்காகத்தானே இவ்வளவும்!

சனவரியில் சங்கத்தின் பதில் வந்தது. வீடு மாற்றம் மறுக்கப்பட்டிருந்தது. காரணம் ஒரே வரியில் இருந்தது: சுயாதீனமான பல்கலைக்கழக ஆய்வொன்றில் இந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் எதுவும் காணப்படவில்லை.

கிளறிற்றா கடிதத்தோடு படுக்கையறைக்குப் போனாள். திருஇருதயப் படத்தின் நான்கு பக்கத்தாலும் கறுப்பு மறுபடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தைக் கழற்றினாள். அதன் பின்னட்டை நனைந்த பாண் ரொட்டிபோல ஊறியிருந்தது. முத்தமிடுகிற படம். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. பள்ளிக்கூடக் குசினியில் பிள்ளைகள் மிச்சம் வைத்த பீன்ஸைக் கொட்டும்போதுகூட அந்த மணமே மூக்கில் நின்றது.

"நான்தான் கழுவினனான்," என்றாள் மேர்வினிடம். "என்ர கையாலைதான் கழுவினனான்."

"நீர் சுவரைத்தானே கழுவினீர். அவள் கண்ணையுமே கழுவினனீர்? நான் அந்த அறைக்குள்ளை இருந்து பூனைபோல மூச்சு இழுத்துக்கொண்டுதானே இருந்தனான்."

அதற்குப் பிறகு அவள் அந்தச் சுவரைத் தொடவில்லை. அவளுக்கு அது சாதாரண வேலை அல்ல. ஒவ்வொரு நாளும் கை துணியைத் தேடும். மேர்வினின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு, படுக்கையறையை அதன் பாட்டுக்கு அழுகவிட்டாள்.

ஏப்ரலில் மாதங்கி இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது கிளறிற்றா கதவைத் திறந்து, "வாங்கோ," என்றாள். தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்கவில்லை. அடுப்பு மூட்டவில்லை. நேரே படுக்கையறைக்குக் கூட்டிப் போய், ஒரு கதிரையைக் கறுத்த மூலைக்குப் பக்கத்தில் போட்டு, "இதிலை இருங்கோ," என்றாள். சுவரில் பழைய ஆணி ஒன்றும் அதில் தொங்கிய, குருத்து ஞாயிறன்று கோயிலில் கிடைத்த குருத்தோலைச் சிலுவையும்தான் மிச்சம். படம் இருந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாய், நீள்சதுரமாய்த் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கிளறிற்றா நின்றாள். துணியில்லாமல் சந்தியில் நிற்பதுபோல இருந்தது.

மாதங்கி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். பிறகு கமராவை எடுத்தாள். ஆணியையும் சிலுவையையும் பல கோணத்தில் எடுத்தாள்.

"ஆன்ட்டி, ரொம்ப பவர்ஃபுல்லா வந்திருக்கு."

"என்ன பிள்ளை வந்திருக்கு?"

"போட்டோ. அந்த கிராஸ், அந்த லைட்... மனசை என்னமோ பண்ணுது."

"எங்களுக்கு நெஞ்சைப் பண்ணுது," என்று முன்னறையிலிருந்து மேர்வின் சொன்னார். இருமலோடு வந்ததால் மாதங்கிக்குப் புரிந்ததோ தெரியாது.

"பிள்ளை, முதல்தரம் நீர் வாறீர் எண்டு நான் கழுவிப் பெயின்ற் அடிச்சனான். அதாலைதான் ஒண்டு போட்டனீர். அதை மாத்தி எழுதி ஹவுசிங்குக்கு அனுப்பும்."

மாதங்கி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை. "நீங்க நெஜமாவே கழுவினீங்களா? ஏன் ஆன்ட்டி? வெட்கமா? அதைக் கொஞ்சம் விரிவா சொல்றீங்களா, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்."

கிளறிற்றா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மாற்றுவதைப் பற்றி டீமோடு பேசிவிட்டுச் சொல்வதாக மாதங்கி போனாள்.

யூனில் மாதங்கியின் தொலைபேசி அழைப்பு வந்தது. இந்த ஆய்வில் பங்குபற்றியது உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஆராய்கிற ஆய்வு அது. மதிக்கப்பட்டதாக உணர்ந்தீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துவரை?

"புள்ளியை மாத்தினீரோ?" என்று கேட்டாள் கிளறிற்றா.

"முதல் சுற்று டேட்டாவை மாத்த முடியாது ஆன்ட்டி. மாத்தினா ஆய்வோட நேர்மை போயிடும். ஆனா நீங்க சொன்னது வீண் போகல. ஒரு முழு சாப்டரே அதை வெச்சு எழுதறோம்."

கிளறிற்றா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சட்டை விளிம்பில் துடைத்தாள். அந்த அழைப்புக்குப் பதினைந்து பவுண்ட் கூப்பன் வந்தது.

செப்டெம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டபத்தில் அறிக்கை வெளியீடு. வாசலில் வடையும் பற்றிஸும். உள்ளே மேசையில் மினுங்கும் அட்டையோடு புத்தகங்கள். அட்டை முழுக்கக் கிளறிற்றாவின் சுவர். சாம்பல் நீள்சதுரம், ஆணி, குருத்தோலைச் சிலுவை. கறுப்பைக்கூட ஏதோ வெல்வெட்போல அச்சடித்திருந்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு பெண், "சீ, என்ன சனமப்பா, சிலுவைக்குக் கீழையும் ஊத்தை," என்றாள். இன்னொருத்தி, "எங்கட ஆக்களாய் இருக்காது," என்றாள். கிளறிற்றா திரும்பவில்லை.

மேடையில் சற்குணம், "இது எங்கட சனத்தின்ர குரல்," என்றார். கைதட்டினார்கள். கிளறிற்றா தமிழ்ச் சுருக்கப் பக்கங்களைப் புரட்டித் தன்னைத் தேடினாள். பங்கேற்பாளர் பதினான்கு, பெண், அறுபதுகளில். 'சமாளிக்கலாம்' என்று அவள் சொன்னதைத் தடித்த எழுத்தில் போட்டு, இந்தச் சமூகத்தின் மீண்டெழும் ஆற்றலுக்கு இதுவே சான்று என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில், இவ்வாறானவர்கள் வெட்கத்தால் தமது வீட்டு நிலையைக் குறைத்துக் காட்டுவது வழக்கம் என்றிருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் அட்டவணை: பங்கேற்பாளர் பதினான்கு, பூஞ்சணம், ஒரு புள்ளி. பின்னட்டையில் நன்றி தெரிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள். நடுவில் அவளுடைய வீட்டுச் சங்கத்தின் சின்னம்.

வாயிலிருந்த வடையை அவள் கடதாசித் துடைப்பானில் துப்பினாள்.

சற்குணம் தட்டோடு வந்தார். "என்ன கிளறிற்றா, சந்தோசம்தானே? உங்கட வீடு இப்ப பாராளுமன்றம் வரைக்கும் போகப்போகுது."

"வீடு போகுது அண்ணை. நாங்கள் எப்ப போறது?"

"எல்லாம் படிப்படியாய்த்தான்."

"உங்களுக்கு ஆளுக்கு எவ்வளவு தந்தவை?"

சற்குணம் சுற்றிப் பார்த்தார். "அது மன்றத்துக்கு நிர்வாகச் செலவு..."

"கேட்டனான், அவ்வளவுதான். மீன் வித்த வீட்டிலை பிறந்தனான். தரகும் தெரியும், நாறினதும் தெரியும்."

அவள் இரண்டு புத்தகங்களை எடுத்துப் பையில் வைத்தாள். மாதங்கி தூரத்திலிருந்து கையசைத்தாள். கிளறிற்றா கையசைக்கவில்லை.

வீட்டில் மேர்வின் அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். சிரிக்கப்போய், சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்தது.

"எங்கட சுவர் படிச்சு ஆளாயிட்டுது. பாரும், நாங்கள்தான் ஒண்டுக்கும் உதவாமல் கிடக்கிறம்."

"இஞ்சேருங்கோ, அந்தக் கறுத்தப் பேனையை எடுங்கோ."

அவள் ஒரு புத்தகத்தின் அட்டையைக் கிழித்தாள். படத்துக்குக் குறுக்கே, கோணல் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் தன் முழுப்பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதினாள். இது என் படுக்கையறை என்று எழுதினாள். நலிவுற்றவர்களின் பெயரை மறைத்துப் பாதுகாப்பதாக அந்த ஆய்வு முதற்பக்கத்திலேயே உறுதி கூறியிருந்தது. மறைந்திருந்து அவள் கண்டது போதும். சங்கத்தின் சனவரிக் கடிதத்தையும் பின்னட்டையில் இருந்த அவர்களுடைய சின்னத்தையும் அதோடு சேர்த்துக் குத்திச் சங்கத்துக்கே தபாலில் போட்டாள். இரண்டாவது புத்தகத்திலும் அப்படியே எழுதி, தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

எட்டாம் வாரம் சங்கத்தின் பதில் வந்தது. வெளியாகியுள்ள ஆய்வுச் சான்றுகளைக் கருத்திற்கொண்டு முடிவு மீள்பரிசீலனை செய்யப்பட்டதாம். பக்கத்து ஊரான பார்க்கிங்கில், நிலத்தளத்தில் ஒரு வீடு. புதுக் கட்டடம், சூடு ஏறும் சுவர். மேர்வின் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கை சில்லென்றிருந்தது.

கிளறிற்றாவுக்கும் அழுகை வரப் பார்த்தது. ஆனால் வந்தது வேறு. டொக்டரின் கடிதத்தை நம்பாதவர்கள், மேர்வினின் நெஞ்சை நம்பாதவர்கள், அவள் வாயால் சொன்னதை நம்பாதவர்கள், மினுங்கும் தாளில் அச்சடித்த பிறகு நம்பியிருக்கிறார்கள். வீடு கிடைத்ததே என்று நன்றி சொல்ல மனம் முயன்றது. தொண்டையில் அந்தப் பழைய பிளீச் மணம்தான் ஏறியது.

"அடியிலை இன்னும் ஏதோ கிடக்கு," என்றார் மேர்வின்.

குத்தகையாளர் வெளியேறும்போது சுவர்களைக் கழுவி, கறையின்றி ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் துப்புரவுச் செலவு அறவிடப்படும் என்றும் இருந்தது.

கிளறிற்றா குசினிக்குப் போய்க் கழுவுதொட்டியின் கீழிருந்து கடைசிப் பிளீச் போத்தலை எடுத்தாள். மேர்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் படிக்கட்டால் கொண்டுபோய்க் கீழே இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, கை கழுவி, இருவருக்கும் தேத்தண்ணி வைத்தாள். ஆணியிலிருந்த குருத்தோலைச் சிலுவையை மட்டும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மற்றதெல்லாம் சுவரில் அப்படியே இருந்தது.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த திகதி 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.