என் கேள்விகளின் தமிழ்

தமிழாசிரியர் பயிற்சியில் இருப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று கிளம்பிய எனக்கு உருப்படியாக வாய்த்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் நான் எதைக் கேட்க ஆசைப்படுகிறேனோ அதையே பதிலாகச் சொன்னார்கள். அவள் மனதில் பட்டதைச் சொன்னாள். அடையாற்றங்கரையில் பிறந்தவள். குடிசைகளை எடுத்தபின் குடும்பம் ஊருக்கு வெளியே போய்விட்டது. அங்கிருந்து பஸ் மாறி மாறி தி.நகர் பள்ளிக்குப் பயிற்சி வகுப்பெடுக்க வருவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் ஆய்வேடே அவளை நம்பித்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டியை எழுத்தாக்கியதும் பேசியவரிடமே கொடுத்து, சரிதானா என்று கேட்க வேண்டும். சைதாப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைக் கொடுத்தேன். அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

நிதானமாகப் படித்தாள். ஒரு ரயில் வந்து போனது. பிறகு, நான் கேட்ட கேள்வி ஒன்றை என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"ஆத்துல படிச்சவா யாராவது இருக்காளான்னுதான கேட்டீங்க? இங்க 'வீட்டில் படித்தவர்கள் உண்டா'ன்னு கீது. என்னுது மட்டும் பேசுனா மாரியே கீது."

என் கேள்விகளை, கையில் வைத்திருந்த கேள்வித்தாளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அது எனக்கு உறைக்கவே இல்லை. சரிசெய்துவிடுகிறேன், பெயரைத்தான் மாற்றிவிட்டேனே என்று ஏதேதோ உளறினேன்.

"பேரு மாத்திட்டீங்க மேடம், பேச்சு என்னுதுதான? நாளைக்கு நான் வேலைக்குப் போற ஸ்கூல்ல யாராச்சும் இதப் படிச்சா, இவளா தமிழ் சொல்லித்தரப் போறான்னு சிரிக்க மாட்டாங்களா? என்னுத எடுத்துடுங்க."

மேடம் என்றதுதான் சுட்டது.

எடுத்துவிட்டேன். மயிலாப்பூர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் குரலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனை இடத்தில் அவளை முடிக்க விடாமல் குறுக்கே விழுந்திருக்கிறேன்! என் மேலேயே எரிச்சலாக வந்தது. என் பேச்சை உள்ளது உள்ளபடி எழுதி, ஆய்வாளரின் நிலை என்று ஓர் அத்தியாயம் ஆக்கினேன். வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆய்வேட்டிலேயே நேர்மையான பகுதி இதுதான் என்றார்.

அவளுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரிக்க எனக்கு முகமில்லை. அந்த அத்தியாயத்தில் அவளுடைய ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.