பொட்டு வைக்கும் இடம்

என் முதல் ப்ராஜெக்டை நானேதான் கெடுத்தேன். ஒரு விரல் நுனிச் சந்தனத்தால். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் தொழிற்சாலை. வேன் எஞ்சினைத் தாங்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒன்றை அப்போது புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்தோம். வரைபடத்தில் இருக்கிற பொருளை, தினம் லாரியில் ஏற்றுகிற பொருளாக்குவது என் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அது வார்ப்புக்காரரிடம் கெஞ்சி, பர்ச்சேஸில் சண்டை போட்டு, டூல் ரூமில் காவல் கிடக்கிற வேலை. எல்லோரும் 'ஆயிடும் மேடம்' என்பார்கள்; அதில் எது ஆகும், எது ஆகாது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அந்த டிபார்ட்மென்டில் பெண் நான் ஒருத்திதான். வாய் மட்டும் நாலு பேருக்கு இருந்தது.

டூல் ரூமில் ஒரு ஃபிட்டர் இருந்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர், படகு எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கே கான்ட்ராக்டில் சேர்ந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் 'ஆயிடும்' என்றால் ஆகிவிடும். கடப்பாக்கத்தில் அவருக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் தேதி குறிப்போம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியாகிவிட்டது. அந்த ஆவணியில் வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. டீ நேரத்தில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வோம். ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடிப்பார்.

துளை போடும்போது பிராக்கெட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்துக்கு ஃபிக்ஸ்சர் என்று பெயர். அதை அவர்தான் செய்தார். சோதனைக்குப் போட்ட பத்துப் பீஸும் கச்சிதமாக வந்தன. வெள்ளிக்கிழமை பூஜை. "உங்க ப்ராஜெக்ட், நீங்களே பொட்டு வெச்சிடுங்க" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷினுக்கு வைத்தேன். ஃபிக்ஸ்சருக்கும் தாராளமாகவே வைத்தேன்.

திங்கட்கிழமை, வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியர் வந்து நின்றார். முதல் முப்பது பீஸில் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாத் துளைகளும் மயிரிழை தள்ளி, ஒரே பக்கமாக விழுந்திருந்தன. எனக்கு வந்த கோபத்துக்குக் கண் மண் தெரியவில்லை. நான் பார்த்து ஓகே சொன்ன பிறகு ஸ்டாப்பரில் கை வைத்தீர்களா என்று பத்துப் பேர் நடுவில் அவரை வறுத்தெடுத்தேன். ஸ்டாப்பர் என்பது ஃபிக்ஸ்சரில் பிராக்கெட் முட்டி நிற்கிற கட்டை. அது நகர்ந்தால் துளை நகரும். "வெக்கல மேடம்" என்றார். என் மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, இந்த ஆள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு அவர் என்னை மெஷினண்டை கூப்பிட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஸ்டாப்பரைத் துடைத்துக் காட்டினார். மேலே வார்ப்பிரும்பின் கறுப்புத் தூள். அடியில் மஞ்சளாக, வெள்ளிக்கிழமை நான் வைத்த பொட்டு.

"சந்தனம் மேடம். காஞ்சி கல்லாட்டம் ஆயிக்கீது. தொடச்சிட்டேன், இனிமே கரீட்டா வரும்." துணியை மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "இத்த யாராண்டயும் சொல்லிகினு இருக்காதீங்க. பொம்பளைய வெச்சா இப்டித்தான்னு பேசுவானுங்க."

"உங்க பேர எடுக்கச் சொல்லிட்டாரே அண்ணா?"

"அத்த அப்பறம் பாத்துக்கலாம்."

சாயங்காலத்துக்குள் முப்பது பீஸ் மறுபடி போட்டோம். முப்பதும் சரி. மேனேஜர் அறையில், அவருக்கும் அந்த இன்ஜினியருக்கும் எதிரே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில், ஸ்டாப்பர் நகர்ந்திருந்தது என்று எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை, பாருங்கள், அதுதான் என் சாமர்த்தியம். படிக்கிறவர்களுக்கு யார் என்று தெரியாதா என்ன? சாம்பிள் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கதவோரம் நின்றிருந்தார். காலையில் கத்தினேனே, அப்போதுகூட நான் அவ்வளவு அசிங்கமாக நடந்துகொள்ளவில்லை என்று தோன்றியது. எழுதியதை அடித்தேன்.

"ஸ்டாப்பர் நகரல சார். நான் வெச்ச பொட்டு" என்றேன்.

வந்திருந்த இன்ஜினியர் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் என்னைச் சந்தனம் என்றே கூப்பிட்டார். ஆனால் ஃபிட்டரின் பெயர் மறுநாளே பட்டியலுக்குத் திரும்பி வந்தது.

அடுத்த ப்ராஜெக்டுக்கு அவர் செய்த ஃபிக்ஸ்சரில், எந்தப் பீஸும் படாத ஒரு மூலையில், ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டக் குழி இருந்தது. வழவழவென்று தேய்த்திருந்தார். இன்னாண்ணா இது என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். பொட்டுக்கு என்றார். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லா ஃபிக்ஸ்சரிலும் அந்தக் குழி வந்தது. போகப் போக வரைபடத்திலேயே அதைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். சில வருடம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர், இது எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

அதெல்லாம் பிறகு. அந்த ஐப்பசியிலேயே ஒரு நாள் அவர் என் மேஜைக்கு வந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நான் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல எங்க வேணா வெக்கலாம் மேடம். ஒண்ணும் ஆவாது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தெரியாமல், தேதி எப்போ அண்ணா என்று கேட்டேன்.

"கார்டுலயே கீதே மேடம்" என்றார்.