எல்லாவற்றுக்கும் ‘திருப்தி’

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். நூலகம், ஸ்டோர்ஸ், கருவி ரிப்பேர் எல்லாம் விஞ்ஞானிகளுக்குத் திருப்தியாக இருக்கிறதா என்று படிவம் கொடுத்து நிரப்பி வாங்கி வர என்னை அனுப்பினார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு ரசாயன ஆராய்ச்சியாளர். நரைத்த தாடி, தூக்கம் போதாத கண்கள். ஓடாத கருவி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார். தினமும் துடைப்பாராம். படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘திருப்தி’ என்று குறித்தார்.

“இது ஒரு வருஷமா ஓடலையே, சார்?” என்றேன்.

“போன தடவை அதைத்தாம்ப்பா எழுதினேன். ரிப்பேர்காரரைத் தூக்கி ஊருக்கு வெளியே பொம்மசந்திரா குடோன்ல போட்டுட்டாங்க. பார்ட்ஸ் வரலைன்னா அவர் என்ன பண்ணுவார்? பாவம், நீலசந்திராலேருந்து ரெண்டு பஸ் மாறிப் போறார்.”

மற்றவர்களின் படிவங்களிலும் பெரும்பாலும் ‘திருப்தி’தான் இருந்தது. அவர்கள் யாரைக் காப்பாற்ற நினைத்தார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது.