சிவப்புக் காருக்கு அம்மா கட்டிய மாலை

பழைய ஸ்போர்ட்ஸ் காரை எப்படிப் பராமரிப்பது என்று யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். இத்தனைக்கும் என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதையே ஒழுங்காகத் துடைப்பதில்லை. எல்லாம் சிறுவயதில் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு மண்டையில் ஏறியது. வண்டி ஓடுகிறதோ இல்லையோ, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைப்பவர்களைக் கண்டால் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். டயர் தேயவில்லையே என்று நம்பக் கூடாது. ரப்பருக்கு வயதாகிவிட்டால் அவ்வளவுதான். ரேடியேட்டரில் எங்கள் மதுரைப் பழங்காநத்தத்து போர்வெல் தண்ணீரை ஊற்றவே கூடாது, உள்ளே உப்புப் படிந்துவிடும். முக்கியமாக, ரேடியேட்டருக்கு முன்னால் காற்று வரும் வழியை எதுவும் மறைக்கக் கூடாது.

அப்பா மில் ஆபீசில் டைப்பிஸ்ட். டைப்பிஸ்டுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று தெருவே கேட்டது. ஊரைவிட்டுப் போன மேனேஜர் ஒருவர், ஷெட்டில் எலி குடியிருந்த அந்தச் சிவப்பு வண்டியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. சீட்டுகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் பலகை மாதிரி கொஞ்சம் இடம் இருக்கும், அது என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் கால் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் வண்டிக்கடியில் இருக்கும்.

அம்மாவுக்கு முதலில் கோபமெல்லாம் இல்லை. சித்தி கல்யாணத்தன்றுதான் வினை பிடித்தது. அம்மாவும் நானும் முதல் நாளே விருதுநகர் போய்விட்டோம். அப்பா விடியற்காலையில் காரில் வருவதாக ஏற்பாடு. வண்டி திருமங்கலத்தில் படுத்துவிட்டது. தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுக்கும் நேரத்தில் சட்டையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றார். மூத்த மாப்பிள்ளை எங்கே, எங்கே என்று காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒற்றை ஆளாகப் பதில் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவள் அந்தக் காரில் ஏறவில்லை, தொடவில்லை. எங்கே போனாலும் டவுன் பஸ்தான்.

பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவருக்கு அந்த வண்டிமேல் ஒரு கண். எப்போது பார்த்தாலும் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். பாத்திரம் விளக்கியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆயுத பூஜை அன்னைக்கி அழகர்கோவிலுக்குப் போவோம். நானும் வாரேன். நடுவுல எங்கயும் நிக்காமப் போயிட்டு வந்துட்டா நீங்களே வச்சுக்கங்க. நின்டுச்சுன்னா டாக்டருக்குக் குடுத்துருங்க."

அப்பா சரி என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆயில் மாறியது, பெல்ட் மாறியது, தண்ணீர் போகும் ரப்பர் குழாய் ஒவ்வொன்றையும் அப்பா அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடமே ஓடவில்லை. அந்தக் கார் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்பதே நினைப்பாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று காலை எழுந்து வாசலுக்கு ஓடினால், அம்மா காருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா. ராத்திரியே பூ வாங்கி வைத்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது. மஞ்சள் செவ்வந்தியும் மருக்கொழுந்தும் சேர்த்து என் தொடை கனத்துக்கு மாலை கட்டி, ஒன்றல்ல மூன்று வரிசையாக, காரின் முன்பக்கம் காற்று நுழையும் அந்தப் பல்வரிசைக் கம்பிகளின்மேல் இடைவெளி தெரியாமல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்லைட்டுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். என்னையும் பின்னாலேயே வந்த அப்பாவையும் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் மாலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நல்லாருக்கு என்றார். நான் அவர் காதருகே போய், "அப்பா, காத்து போகாதேப்பா" என்றேன்.

"சும்மா இரு தாயி" என்றார்.

நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. நல்ல நாளும் அதுவுமாக ஊரே ரோட்டில். சிம்மக்கல்லில் ஊர்ந்து, பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கோரிப்பாளையம் தாண்டும் முன்பே இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கிவிட்டது. அப்பா ஹீட்டரைத் திருகிவிட்டார். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டால் வண்டி தாக்குப்பிடிக்கும். பழைய காருக்கு அது ஒரு வைத்தியம். மதுரை வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. புதூரில் தெரிந்த அக்கா ஒருத்தியைப் பார்த்துக் கையாட்டினாள். கல்யாணமான புதிதில் அப்பா சைக்கிளில் கூட்டிப்போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், முள்ளைப் பார்த்துக்கொண்டே. நான் பின்பலகையில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடச்சனேந்தல் தாண்டி, அப்பன் திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால், முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டி ஓரமாக நின்றது. சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் அப்படியே சுருங்கியது. அப்பா இறங்கி, முதல் வேலையாக மாலைகளை அவிழ்த்து, சூட்டில் பூ வாடிவிடும், மடியில் வைத்துக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்தார். அப்புறம்தான் பானட்டைத் திறந்தார். "ரேடியேட்டர் போச்சு. வயசாயிருச்சுல்ல" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றியதும் வண்டி கிளம்பியது. கோவிலுக்குப் போய், வீடு திரும்பும்வரை ஒரு தடவை முணுமுணுக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். பூவினால்தான் நின்றது என்று சொல்லுங்கள், இன்னொரு தடவை போய் வருவோம் என்று கெஞ்சினேன். அப்பா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மூணு வருசம் கழிச்சு உங்கம்மா அந்த வண்டியத் தொட்டுருக்கா. அவ கட்டுன மாலையப் போயி அவுத்துப் போடுன்னு சொல்லவா?"

இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்கு ஆங்காரம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதற்குள் டாக்டர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா நான்கு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். ரேடியேட்டரை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. டாக்டரும் பிற்பாடு பல வருடம் அதே ரேடியேட்டரோடு ஓட்டினார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கட்டுகிறாள். பேச்சு எங்கெங்கோ போய் அந்தக் காரில் வந்து நின்றது.

"அன்னைக்கி அம்புட்டுப் பூ கட்டுனேன். அந்த வண்டிக்குத்தேன் குடுத்து வைக்கல" என்றாள்.

"ஆமா, அதுக்குக் குடுத்து வைக்கல" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பேர் வாங்கிய நான், அந்த மாலைதான் காற்றை மறைத்தது என்பதைச் சொல்லாமல் அடுத்த பூவை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். வண்டி நின்ற அன்று அப்பா தோற்றுப்போனார் என்று நினைத்து ஒரு வாரம் அழுத பெண் நான். ஒன்பது வயதில் எனக்கு ஒரு காரைப் பற்றித் தெரிய வேண்டியது அத்தனையும் தெரிந்திருந்தது. அப்பாவைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.