பல் டாக்டர் சிரித்த பாய்

லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துணியைக் கண்டால் போதும், ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்துவிடுவாள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், "இந்தத் திரையை யார் தைச்சது? கை சுத்தமில்லையே" என்று நர்ஸிடம் கேட்டவள்.

அவளுடைய பத்து வயது மகள், ஏரிக்கரைச் சங்கத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். படகையும் மிதவைச் சட்டையையும் சங்கமே கொடுக்கும். பாயை மட்டும் வீட்டார் வாங்கிக்கொண்டு வர வேண்டும். கடையில் விலையைக் கேட்டதும் அம்மா வாசலைப் பார்த்துத் திரும்பினாள். ஆனால் வெளியே வருவதற்குள் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டாள்.

"இதுவும் தார்ப்பாய்தான்டி. கொஞ்சம் பணக்கார வீட்ல பொறந்திருக்கு, அவ்வளவுதான்."

பட்டறையில் கிடந்தவற்றில் கிழிசல் இல்லாதது, ஒரு பல் டாக்டர் கழித்துப் போட்ட விளம்பர பேனர். அதில் ஆள் உயரத்துக்கு அவர் முகம், வாய் நிறையப் பல். அதையே வெட்டி, மடிப்பு சுருக்கம் இல்லாமல் தைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

பயிற்சி தரும் பெண் தடவிப் பார்த்தாள். "தையல் பிரமாதம்க்கா. ஆனா பாய்க்குத் தொப்பை வேணும். அப்பதான் காத்து நிக்கும்."

"துணி தொங்காம தைக்கத்தான் இருபது வருஷமா உயிரை விடறேன். இப்பத் தொப்பை வைக்கணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள். தொப்பை சரியாக டாக்டரின் கன்னத்தில் வந்து விழுந்தது. காற்று அடித்தால் கன்னம் உப்பும். காற்று இறங்கினால் பல்செட்டைக் கழற்றி வைத்தவர் மாதிரி வாய் சுருங்கும்.

சங்க வாசலில் 'அனைவரும் வருக' என்ற பேனரில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்த செயலாளர், நேரில் சிரிக்கவில்லை.

"இது சங்கமா, சந்தைக் கடையா? இன்னைக்கு மட்டும் விடறேன். அடுத்த வாரம் வெள்ளைப் பாய் இல்லேன்னா பொண்ணை அனுப்பாதீங்க."

மகளின் முகம் தொங்கிப்போனது. வெள்ளைப் பாய்க்கு அம்மா எங்கே போவாள்?

பன்னிரண்டு படகுகள் கிளம்பின. பதினொன்று வெள்ளை, ஒன்று பல். ஏரி நடுவில் திடீரென்று காற்று கிளம்ப, வெள்ளைப் பாய் ஒன்று சாய்ந்து தண்ணீரில் படுத்தது. கரையே அலறியது. "என் பையனா?" "ஐயோ, என் பொண்ணா?" யாருக்கும் தெரியவில்லை, தூரத்தில் எல்லாம் ஒரே வெள்ளை. பேரனை அனுப்பியிருந்த செயலாளர் தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏரியைத் துழாவினார்.

பல் நிமிர்ந்து நின்றதால் தார்ப்பாய்க்காரி மட்டும் நிதானமாக இருந்தாள்.

"பதறாதீங்க சார். கிளம்பினதுலேருந்து உங்க பேரன் எங்க பல்லுக்குப் பின்னாடியேதான் வர்றான். அதோ பாருங்க."

அங்கேதான் இருந்தான். கவிழ்ந்த படகின் பிள்ளையும் அதற்குள் படகின் முதுகில் ஏறி உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை சுருட்டிய பேனர் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். சங்க வாசலில் தொங்கிய அதே 'அனைவரும் வருக' பேனர்.

"பேரனுக்கு ஒரு பாய் தைக்கணும். தூரத்துலேருந்து தெரியணும்."

விரித்து அளந்தாள். ஓரத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

"நடுவுல கிழிஞ்சிருக்கு சார். மிச்சத்துல ரெண்டும் அடங்காது. ஒண்ணு எழுத்து போகணும், இல்ல உங்க முகம் போகணும்."

செயலாளர் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "எழுத்து இருக்கட்டும்மா."

கத்திரிக்கோலைத் திறந்து பிடித்தபடி கேட்டாள். "அப்ப அடுத்த வாரம் என் பொண்ணு அந்தப் பல்லோடவே வரலாமா சார்?"

"அதான் எழுதியிருக்கேம்மா."

அவர் மனம் மாறுவதற்குள் முகத்தை வெட்டிவிட்டாள்.