கடைசி ஆள்காட்டிக் கூடு

இதை ஜபீன் கதையாக யாரிடமும் சொன்னதில்லை. கதையாக இருந்தால் வேறு மாதிரி முடித்திருப்பாள். நடந்தது இதுதான்.

2008. தேர்வாய் கண்டிகை மேய்ச்சல் வெளி. தரையில் கூடு வைக்கும் பறவைகளின் முட்டைகளை எது தின்கிறது என்று கண்டுபிடிக்க, கூடுகளின் அருகே வீடியோ கேமரா வைத்திருந்தாள். கூடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அழிந்த நேரத்தில் எல்லாம் கேமரா நின்றுபோயிருந்தது. அவள் பழவேற்காட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பியபோது, புல் முளைக்காத ஒரு மண் திட்டில் ஆள்காட்டிக் குருவியின் கூடு ஒன்று மட்டும் இருந்தது. நான்கு முட்டைகள். இதிலும் பதிவாகாவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

மனிதர் நெருங்கினால் ஆள்காட்டி கத்திக்கொண்டு பறந்துவிடும். மாடு வந்தால் பறக்காது. சிறகை விரித்து, கூட்டை மறித்து நிற்கும். அதனால் கூட்டருகே போக வேண்டுமென்றால், அங்கே மாடு மேய்க்கும் அரசப்பனின் செவலைப் பசுவின் முதுகில் கை வைத்து, அதன் மறைவில் குனிந்து போவது ஜபீனின் வழக்கம்.

கேமரா நட்ட மறுநாள் மாலை, லென்ஸில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அரசப்பனைக் காணோம். செவலை மட்டும் நின்றது. கூப்பிடாமலே வந்தது.

அதன் முதுகு ஈரமாக இருந்தது. மழை பெய்திருக்கவில்லை. ஓர் ஈகூட மொய்க்கவில்லை. களைப்பில் அவள் எதையும் யோசிக்கவில்லை. லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். செவலை அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் மதியம், கும்மிடிப்பூண்டி அறையில் டேப்பைப் போட்டாள். அறைத்தோழி சாராள் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“மாடு மாடுன்னியே. எங்கடி மாடு?”

திரையில் ஜபீன் மட்டும் குனிந்து வந்தாள். ஒரு கை காற்றில் நின்றது. கீழே எதுவும் இல்லை.

“காத்தத் தடவிக்கினு போற. வெயில்ல மண்ட காஞ்சிடுச்சா?”

பறவை சிறகை விரித்து நின்றது... எதிரே வெறும் புல்.

திரையில் அவள் போய்விட்டாள். பறவை சிறகை மடக்கவில்லை.

புல் அழுந்தியது. ஓர் அடி... இன்னோர் அடி.

‘புஸ்ஸ்...’ என்று ஒரு மூச்சு. அந்தக் கேமராவில் மைக் கிடையாது.

பறவை பறந்தது.

ஒரு முட்டை இல்லை.

பிறகு ஒன்று...

“நிறுத்துடி,” என்றாள் சாராள்.

மாலையில் ஜபீன் அரசப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கங்கம்மா வாசலில் இருந்தாள்.

“செவலை எங்கக்கா?”

“நீ ஊருக்குப் போன வாரமே செத்துப்போச்சும்மா. வாய்க்கால்ல இன்னாத்த குடிச்சிச்சோ. வயித்துல கன்னு வேற.”

“எங்க பொதைச்சீங்க?”

“மேய்ச்சல்லதான். மண்ணு காயறதுக்குள்ள அதும் மேலயே ஆள்காட்டி முட்ட வெச்சிடுச்சி. நாலு முட்ட. நீ பாக்கலயா?”

அன்றிரவு பேராசிரியர் போன் செய்தார். “எது தின்னுதுன்னு தெரிஞ்சுதாம்மா?”

“தெரியல சார்.”

ஆய்வு அத்தோடு நின்றது.