கொஞ்ச நேரம்தானம்மா

யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக ரொறன்ரோ வர அம்மாவுக்குப் பயம். "கொஞ்ச நேரம்தானம்மா, ஏறி இருந்தா வந்திடலாம்" என்று போனில் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். கொழும்புவரை வான் வண்டியில் ஓட்டம், இரண்டு விமானம், நடுவில் டோகாவில் நீண்ட காத்திருப்பு என்பதையெல்லாம் வேண்டுமென்றே சொல்லவில்லை.

ரொறன்ரோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வெளியே வந்த அம்மா, என்னைக் கண்டதும் மயங்கிச் சரிந்தார். உடம்பில் நீரே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

"ஏனம்மா, தண்ணிகூடக் குடிக்கேல்லையோ?"

"பிளேன் ரொய்லெற்றுக்குப் போகப் பயம் பிள்ளை. நீ கொஞ்ச நேரம் எண்டு சொன்னனீ. அடக்கிக்கொண்டு வந்திடலாம் எண்டு நினைச்சன்."

இப்போது யார் பயண நேரம் கேட்டாலும், வாசலிலிருந்து வாசல்வரை ஆகும் முழு நேரத்தையும் சொல்கிறேன். அம்மா என்னிடம் கேட்பதில்லை. போன கிழமை ஊருக்குத் திரும்பும் கதை வந்தபோது, எவ்வளவு நேரமாகும் என்று என் மகளிடம்தான் கேட்டார்.